மனுசக் கை படாத இடம்

1.

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் குழாயில் தொடங்கியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். நிலவைப் பார்த்தேன், மழையில் நனைந்தேன், ஒரு முகம் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லிக்கொள்வதுதான் எழுதுகிறவர்களுக்கு மரியாதை. எனக்கு அந்த வசதி இல்லை. தேனியில் மோட்டாரும் குழாயும் விற்கிற கடை வைத்திருக்கிறேன், பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறேன், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுகிறேன். 2003-இல் ஒரு பெண் கடைக்கு வந்து, நாலு அங்குலக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டித் தரச் சொன்னாள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் மூடி வேண்டுமாம்.

“கக்கூசுக்கா பாப்பா?”

“மண்ணு எடுக்க அண்ணாச்சி. அடிச்சு எறக்குனா மண்ணு கலையாம அப்படியே உள்ள ஏறிரும். எது மேல, எது கீழன்னு மாறிறக் கூடாது.”

போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராஜமணியின் மகள் அவள். பெயர் சுகிர்தம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பழைய காலத்து விவசாயம் மண்ணில் என்ன தடயத்தை விட்டுவிட்டுப் போனது, அதனால் மலை எப்படி மாறியது என்று பார்க்கிற படிப்பாம். பானையும் காசும் தோண்டி எடுப்பார்களே, அதுவா என்று கேட்டேன்.

“பானை இல்ல அண்ணாச்சி. பானைக்குள்ள வெந்தது எங்கன வெளைஞ்சதுன்னு பாக்குறது.”

இந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்த வாக்கியம் இது:

[மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், பச்சைப் போர்வை போர்த்திய அந்தச் சிற்றூர்]

நிறுத்திவிட்டேன். மலைக்கு மடி உண்டு என்று முதலில் எழுதியவரை மன்னிக்கலாம். அவருக்குப் பிறகு எழுதியவர்களை மன்னிக்க முடியாது. அதுவும் ஆண்டிபட்டிப் பக்கத்தில் எங்கே இருக்கிறது பச்சைப் போர்வை? இருப்பது கரடு, கருவேலம், பெய்தால் பெய்கிற மழை. அடுத்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

[மலைச்சரிவுகளைப் படிகளாக்கி உழத் தொடங்கியபோது நாம் இயற்கையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நாமே இன்று]

இதில் எனக்குப் பிடிக்காதது அந்த ‘நாம்’. கட்டுரை எழுதுகிறவர்கள் வாசகரை ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். ‘நாம் மலைகளை அழித்தோம்’ என்று எழுதுவார்கள். யார் அழித்தது? ராஜாத்தியா அழித்தாள்? (ராஜாத்தி யார் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.) ஆகவே நான் ‘நான்’ என்றே எழுதப்போகிறேன். உங்களைச் சேர்க்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன்.

2.

ஊருக்கு மேலக்கரட்டூர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அதன் சரிவு முழுக்க, அடியிலிருந்து கிட்டத்தட்ட உச்சிவரைக்கும், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கல்சுவர்கள். சாந்து கிடையாது. கல்லோடு கல்லைக் கோத்து நிற்கவைத்த சுவர். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒரு முற்றத்தின் அகலத்துக்குச் சமமான மண். சரிவில் அடித்துக்கொண்டு வருகிற மழைத் தண்ணீரை அந்தச் சுவர் நிறுத்தும். மண் தங்கும், தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் கரட்டடியில் இருக்கும் கிணறுகளில் போய் ஊறும். முதல் கிணறு ராஜாத்தியுடையது.

ராஜாத்திக்கு நாற்பது தாண்டியிருக்கும். புருஷன் இறந்த பிறகு அந்தக் கிணற்றை நம்பித் தோட்டம் போட்டுத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். தக்காளி, வெங்காயம், வரப்போரத்தில் கொஞ்சம் மல்லி. காலை பஸ்ஸில் ஆண்டிபட்டிச் சந்தைக்குக் கூடையோடு போய்விட்டு வருவாள். என் கடையில்தான் அவளுடைய மோட்டாரை வாங்கினாள். இந்தக் கதையில் தங்கப்போவதோ போகப்போவதோ அவளுடைய கிணறுதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தை எனக்கு ஆகாது.

ஊரில் அந்தச் சுவர்களுக்குப் பூதக்கட்டு என்று பெயர். பூதங்கள் ஒரே ராத்திரியில் கட்டினவாம். கோழி கூவியதும் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டனவாம். அதனால்தான் உச்சி மட்டும் பாக்கி.

(அடிக்குறிப்பு வேண்டுமென்றால்: மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் பூதங்கள் இப்படித்தான் அணை கட்டிக் கோழி கூவியதும் பாதியில் விட்டிருக்கின்றன. பூதங்களுக்கு ஓவர்டைம் பார்க்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது.)

பூதக்கட்டுக் கல்லை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். ஆடு மிதித்தோ மழை அடித்தோ ஒரு கல் விழுந்தால், பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அதைத் தூக்கி விழுந்த இடத்திலேயே வைக்க வேண்டும். வைக்கும்போது சொல்ல வேண்டியது, “பூதத்தாரே, உங்க கல்லு.” அவ்வளவுதான். அடைமழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஊரே ஏறிப் போய் விழுந்து கிடக்கிற கல்லையெல்லாம் இப்படி வைத்துவிட்டு, பொங்கல் வைத்துச் சாப்பிட்டு இறங்கும். இதற்குக் கல்லேத்து என்று பெயர். சாமிக்குச் செய்கிற காரியம். வேலை என்று யாரும் அதைச் சொன்னது கிடையாது.

இந்த இடத்தில் உங்களில் கூர்மையானவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கும் வந்தது. இரண்டு பகுதி தள்ளி அது காணாமல் போகும்.

3.

சுகிர்தம் பல மாதங்கள் அந்தக் கரட்டில் கிடந்தாள். நான் வெட்டிக் கொடுத்த குழாய்களைச் சுவருக்குப் பின்னால் அடித்து இறக்கி, மண்ணோடு எடுத்து, மூடி போட்டு, ‘மேல்’ என்று எழுதி எடுத்துப் போனாள். ராஜாத்தி அவளை முதலில் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு முட்டி வலிக்கு மாத்திரை கேட்டாள். பிறகு டாக்டர் என்பது போய் மண்ணு டீச்சர் என்று நிலைத்தது.

குழாயில் வந்த மண் சொன்ன கதையைச் சுகிர்தம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள். அடியில் கரி. காடு எரித்துத் திருத்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் கனமாக ஒரு அடுக்கில் வரகும் சாமையும். இலை மக்கிப் போனாலும் அதற்குள் இருக்கிற கண்ணாடி மாதிரியான பொடித் துகள் மக்காதாம். கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்தப் பயிர் என்று தெரியுமாம். முந்நூறு வருஷத்துக்குக் குறையாமல் அங்கே விதைத்து அறுத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே, திடீரென்று, வெறும் புல்.

“ஏதோ ஒரு பஞ்சத்துல சனங்க செத்திருக்கணும், இல்ல ஊர விட்டுப் போயிருக்கணும். ஆளுக போனதுக்கப்புறந்தான் அண்ணாச்சி பூதம் வந்திருக்கு.”

இதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ராஜாத்தியிடமும் சொன்னாள். நான் மோட்டார் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், இரண்டு பேரும் சுவரடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ராஜாத்திக்கா, இந்தக் கல்லப் பாருங்க. காஞ்ச பாசி உள்பக்கம் இருக்கு. வெளிச்சம் படாத எடத்துல இது வராது. அப்ப ஒரு காலத்துல வெளிய பாத்துக் கெடந்த கல்லு. விழுந்ததத் திருப்பி வச்சிருக்காக.”

“ஆமா, நாந்தேன் வச்சேன். போன வருசம்.”

“அப்ப மனுசக் கை பட்டிருக்குல்ல?”

“அவுக கல்ல எடுத்து அவுக எடத்துல வச்சேன். அதுக்குப் பேரு கட்டுறதா?”

“அததேன் காலங்காலமாச் செஞ்சிருக்காக. மொதக் கல்லயும் உங்க ஆளுகதேன் வச்சிருக்கணும். பூதம் இல்ல.”

ராஜாத்தியின் முகம் மாறிவிட்டது. “உங்க கோயில்ல பூதம்னா வெரட்டுவாக. எங்களுக்கு அவுக காவக்காரவுக, தெரிஞ்சுக்க டீச்சரு.”

சுகிர்தம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். மண்ணைப் பற்றிப் பேசியது தன் மதத்தைப் பற்றிய பேச்சாகப் போகும் என்று அவள் நினைக்கவேயில்லை. இறங்கும்போது ராஜாத்தி ஒரு பை நிறையத் தக்காளியை அவள் கையில் திணித்தாள். கோபம் தீர்ந்ததற்கா, தீராததற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4.

கல்லாங்குத்து.

இந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கதையே. பாறையும் கல்லுமாக, உழவுக்கு ஆகாமல் கிடக்கிற நிலத்தை வருவாய்க் கணக்கில் இப்படித்தான் எழுதுவார்கள். எப்போதோ நிலம் அளக்க வந்த ஒருவர், நிச்சயம் கோடையில்தான் வந்திருப்பார், கரட்டடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு இந்தச் சொல்லை எழுதிவிட்டுப் போய்விட்டார். ஏறிப் பார்த்திருந்தால் காலில் மண் பட்டிருக்கும். ஏறவில்லை. எத்தனையோ தலைமுறை ஆட்கள் மலையிலிருந்து தடுத்துப் பிடித்துச் சேர்த்துவைத்த மண் ஒரே சொல்லில் கல்லாகிவிட்டது.

(அளக்க வந்தவரைப் பற்றி என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆத்திரத்தில் கற்பனை செய்கிறேன். அவர் நல்ல மழை நாளில் வந்து உச்சிவரை ஏறியவராகக்கூட இருக்கலாம். அப்படியிருந்தால் என் ஆத்திரம் இரண்டு மடங்கு.)

கல்லாங்குத்து என்றால் கல் உடைக்கக் கொடுக்கலாம். 2006-இல் ஒரு குவாரிக்காரர் மனுப் போட்டார். ஊர் ஆட்சேபித்தது. நேரில் பார்த்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அவர் பெயர் சண்முகராஜ்.

சண்முகராஜை ஒரு வில்லனாக எழுத நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன், கழற்றிவிட்டேன். குவாரிக்காரரின் காரில் வந்து இறங்கவைத்தேன், அதையும் அடித்தேன். உண்மையில் அலுவலக ஜீப்பில் வந்தார். அவருடைய அப்பா வடுகபட்டியில் விவசாயி. வந்தவுடன் ராஜாத்தியின் தக்காளிச் செடியைப் பார்த்து இலைச்சுருட்டுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று சொன்னார். பூதக்கட்டு என்று கேள்விப்பட்டதும் தானாகவே ஷூவைக் கழற்றிக் கரட்டடியில் வைத்துவிட்டு, முள்ளுக்குள் சாக்ஸோடு ஏறினார். முதல் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் பேனாவை எடுத்தார்.

“இது யாரும்மா கட்டுனது?”

“பூதத்தாருக கட்டுனாகய்யா” என்றாள் ராஜாத்தி.

“ஊர்க்காரவுக யாரும் கட்டலையா? பயிர் வச்சது, எடுத்துக்கட்டுனது, எதாச்சும் உண்டா?”

“அய்யோ சாமி, நாங்க கை வைப்பமா? மனுசக் கை படாத எடம்யா அது.”

ஊரே ஆமாம் என்றது. சுகிர்தம் முன்னால் வந்தாள். கை பட்ட இடம்தான், மண்ணைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன், சாமை விளைந்த நிலம் என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

“நீங்க இந்த ஊராம்மா?”

“போடி சார்.”

“அப்ப ஊர்க்காரவுக சொல்றததாம்மா நான் எழுத முடியும்.”

எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தும் காட்டினார்: ‘மேற்படி கல் அடுக்குகள் மனித முயற்சி ஏதுமின்றி இயற்கையாக அமைந்தவை என ஊர் மக்களே தெரிவித்தனர்.’

அந்த ஏகாரத்தைப் பாருங்கள். ‘ஊர் மக்களே.’ ஒரு எழுத்தை வைத்து ஒரு மலையைக் கட்டித் தூக்கிவிட்டார்கள். பூதத்தின் மேல் இருந்த மரியாதையில் ராஜாத்தி சொன்ன வார்த்தை, பூதத்தின் மேல் மரியாதை உள்ள ஒருவர் கையால், மலைக்கு வெடி வைப்பவனுக்குச் சாதகமான சாட்சியாக மாறியது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

5.

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். முழுக்கத் திட்டு. என் மனைவி பூமாரி படித்துவிட்டு, “கதையில ஆளு எங்க, ஒங்க சத்தம் மட்டுந்தேன் கேக்குது” என்று சொன்னாள்.

6.

குவாரிக்கு அனுமதி கிடைத்தது. மேலிருந்து உடைத்துக்கொண்டு வந்தார்கள். பூதங்கள் பாக்கி வைத்த உச்சி முதலில் போனது. பிறகு மேல்சுவர்கள். மத்தியானம் ஊதல் ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். வெடிக்கிறபோதெல்லாம் கீழே மிச்சமிருந்த சுவர்களில் கல் உதிரும். ராஜாத்தியும் அவள் கொழுந்தன் கோட்டைச்சாமியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் போய், “பூதத்தாரே, உங்க கல்லு” என்று வைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் திரும்ப உதிரும். கிரஷர் தூசி தக்காளி இலையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

கிணறு இறங்கியது. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ராஜாத்தி கடைக்கு வந்து, “அண்ணே, இன்னும் ஒரு நீளம் குழாய் குடுங்க” என்பாள். தண்ணீர் ஓடி ஒளிந்தால் எனக்கு வியாபாரம். என் தொழிலில் துக்கம் விசாரிப்பதும் பில் போடுவதும் ஒரே மேஜையில் நடக்கிறது.

சுகிர்தம் சும்மா இருக்கவில்லை. பழைய காலத்துச் சின்னங்களைக் காக்கிற ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அங்கே கேட்டார்களாம், கல்வெட்டு இருக்கிறதா? இல்லை. ராஜா பெயர் ஏதாவது? இல்லை. கோயில், சிலை, கோட்டை, குறைந்தபட்சம் ஒரு தூண்? இல்லை. சாமை இருக்கிறது என்றாளாம். சிரித்துவிட்டார்களாம்.

அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ஏதோ ஒரு ராஜா அந்தக் கரட்டு வழியாகப் போகும்போது ஒண்ணுக்குப் போக ஒதுங்கி, அந்தப் பாறையில் தன் பெயரை வெட்டிவைத்திருந்தால், சுற்றி வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை நட்டிருப்பார்கள். முந்நூறு வருஷம் சோறு போட்ட மண்ணுக்கு ஒரு பலகை கிடையாது. கட்டியவன் பெயரை வெட்டாமல் போனதுதான் குற்றம். அவனுக்கு எங்கே நேரம், அடுத்த மழைக்கு முன்னால் அடுத்த சுவர் எழும்ப வேண்டாமா?

7.

எனக்கு ராஜாத்தியின் மேல் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். கதையில் ஒரு ஆள் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளும்போது வாசகர் ஏன் என்று கேட்பார். நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[அதிகாரியைப் பார்த்த பயத்தில் ராஜாத்திக்கு நா குழறியது.] பொய். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது.

[படிப்பறிவில்லாத அந்தப் பெண்] தொடவே கை கூசுகிறது.

[சுகிர்தம் சொன்னதை ஒப்புக்கொள்ளக்கூடாது என்ற வீம்பில்] இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

கடைசியில் அவளிடமே போய்க் கேட்டேன். கதாபாத்திரத்திடம் போய் விளக்கம் கேட்கிற எழுத்தாளன் உருப்படமாட்டான். இருந்தாலும் போனேன். வெங்காயத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏம் ராஜாத்தி, நீங்க வருசா வருசம் கல்லேத்துறதச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா?”

“உங்க ஆளுக கட்டுனதுன்னு ஆகியிருக்கும்.”

“நாங்க கட்டுனதுன்னா நாங்க விக்கலாம்ண்ணே. எங்கள்ல எவனாச்சும் ஒருத்தன் கைநாட்டு வச்சுட்டுப் போயிருவான். பூதம் கட்டுனதுன்னா எவன் விப்பான்? அப்படி நெனச்சுத்தேன் சொன்னேன்.” கிள்ளிய தாளை உதறினாள். “கட்டாதவுக விப்பாகன்னு நான் கண்டனா?”

நான் எழுதிய மூன்று வாக்கியங்களும் தூக்கிப் போட வேண்டியவை என்று அப்போது தெரிந்தது. விற்க முடியாத ஒரு சொந்தக்காரரை அவள் தேடிப் பிடித்திருந்தாள். சட்டத்தில் அப்படிப்பட்ட சொந்தக்காரருக்கு இடம் வைக்காமல் போனது யார் தப்பு?

8.

2010. கீழ்ப்பகுதிக்கும் மனு வந்துவிட்டது. மிச்சமிருந்த சுவர்களும் போனால் ராஜாத்தியின் கிணற்றில் மோட்டாரை எடுத்துவிட்டுக் குப்பை கொட்டலாம். மாறுதலில் போயிருந்த சண்முகராஜ் பதவி உயர்வோடு திரும்பி வந்திருந்தார். அவரே விசாரிக்க வந்தார், அன்றைக்கு நானும் போயிருந்தேன். தலையில் நரை, மற்றபடி அதே மனிதர். இந்த முறையும் ஷூவைக் கழற்றினார்.

சுகிர்தம் முன்கூட்டியே வந்து ஊரைக் கூட்டிப் பேசியிருந்தாள். பூதத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. நீங்கள் செய்வதை மட்டும் செய்கிறோம் என்று சொல்லுங்கள், அது போதும் என்றாள். ஆடு மேய்க்கிற கோட்டைச்சாமி நான் சொல்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

“யாருப்பா கட்டுனது இது?” என்றார் சண்முகராஜ்.

“எங்க கல்லுங்கய்யா. எங்க பாட்டன் பூட்டன் கட்டுனது. வருசா வருசம் நாங்கதேன் எடுத்துக்கட்டுறோம்.”

அதிகாரியின் பேனா நின்றது. “வருசா வருசமா?”

“ஆமாங்கய்யா.”

“எங்க கல்லுங்கிற. பட்டா இருக்கா?”

“பூதக்கட்டுக்கு எவுகய்யா பட்டா குடுத்தாக?”

“அப்ப பட்டா இல்லாம அரசாங்க எடத்துல வருசா வருசம் கட்டுமானம் பண்ணிக்கிட்டு இருக்கீக.” அவர் குரலில் மிரட்டல் இல்லை. வருத்தம்தான் இருந்தது. “அது ஆக்கிரமிப்புல வந்துரும்ப்பா. பி மெமோ குடுத்து அபராதம் போடணும். நீயே சொல்லிட்ட, எழுதாம இருக்க முடியாது.”

சுகிர்தம் சொல்லச் சொன்னது சத்தியம். அந்தச் சத்தியத்துக்கு இப்போது அபராதம் வரப்போகிறது.

பூதம் கட்டியது என்றால் வெறும் கல், உடைக்கலாம். மனிதன் கட்டியது என்றால் திருட்டு, இடிக்கலாம். இரண்டு பதிலுக்கும் கீழே ஒரே குவாரிதான் காத்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு கேள்வியைத் தயார் பண்ணினவன் எவன் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் கிடைத்தால் 5-ஆம் பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

சண்முகராஜ் ராஜாத்தியின் பக்கம் திரும்பினார். “போன தடவ நீங்கதானம்மா சொன்னீக? இப்ப நீங்க சொல்லுங்க. யார் கட்டுனது?”

இங்கே கதையை முடிக்க என்னிடம் சில வழிகள் இருக்கின்றன.

ஒன்று: சுகிர்தம் வழக்குப் போடுகிறாள், நீதிமன்றம் தடை கொடுக்கிறது, கிணறு நிறைகிறது. நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று: சண்முகராஜின் மனம் மாறுகிறது, பேனாவை வீசி எறிகிறார். அவர் வீசி எறிந்தால் நாளைக்கு வேறு ஒருவர் வேறு பேனாவோடு வருவார். அந்தப் பேனாவில் மையும் நிறைய இருக்கும்.

பூதங்கள் எழுந்து வந்து கிரஷரை நொறுக்குகிற முடிவும் ஒன்று உண்டு. எழுதும்போது மிகவும் சந்தோஷமாக இருந்தது. கோழி கூவிவிட்டது.

9.

நடந்தது இதுதான்.

அவள் பதில் சொல்வதற்குள், கீழே டிரைவர் ஜீப்பைத் திருப்பினான். பின்பக்கம் இடித்து அடிச்சுவரிலிருந்து ஒரு கல் உருண்டது. ராஜாத்தி செருப்பைக் கழற்றினாள். அதிகாரியை நிற்கவைத்துவிட்டு இறங்கிப் போய், இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி, அது விழுந்த பொந்தில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். வாய் ஏதோ சொன்னது. ஊருக்கே தெரிந்த வார்த்தைதான் என்று யாரும் காதுகொடுக்கவில்லை.

சண்முகராஜ் மட்டும் பின்னாலேயே இறங்கிப் பக்கத்தில் போயிருந்தார். “இப்ப என்னம்மா சொன்னீக?”

“நம்ம கல்லுன்னு சொன்னேன்.”

“உங்க கல்லுன்னுதான சொல்றது வழக்கம்?”

“ஆமாய்யா. இன்னைக்கு நம்ம கல்லுன்னு வந்துருச்சு.”

கோட்டைச்சாமி சொன்னது ‘எங்க’. அதற்கு ஆக்கிரமிப்பு என்று ஒரு பெயர் இருக்கிறது. ‘உங்க’ என்றால் பூதம், அதற்குக் கல்லாங்குத்து என்று ஒரு பெயர் இருக்கிறது. ‘நம்ம’ என்பதை எந்த இடத்தில் எழுதுவது என்று சண்முகராஜுக்குத் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். முதல் முறையாக எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

“நம்மன்னா யார் யாரும்மா? பூதமும் நீங்களுமா?”

“அவுகளும் உண்டு.”

“அரசாங்கமுமா? நானுமா?”

“நீங்களுந்தேன். செருப்பக் கழத்திட்டுத்தான ஏறுனீக.”

“அப்படிப் பொதுவா எழுத முடியாதும்மா. ஆட்சேபணைன்னா பேரு வேணும். யார் யாருன்னு பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ராஜாத்தி தன் பெயரைச் சொன்னாள். பி மெமோ வரும் என்று தெரிந்தும் கோட்டைச்சாமி சொன்னான். சுகிர்தம் சொன்னாள், போடி என்றாலும் இந்த முறை அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னேன். ஊரில் சிலர் சொன்னார்கள், சிலர் பி மெமோவை நினைத்து நழுவினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அவர் காகிதத்தில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது, எழுதவும் போவதில்லை. உங்களைச் சேர்க்க வேண்டி வந்தால் கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

சண்முகராஜ் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறார். வெயில் ஏறுகிறது, சாக்ஸில் முள் குத்துகிறது, அதிக நேரம் நிற்கமாட்டார். பேரைச் சொல்லுங்கள்.